தீவில் விடுபட்ட பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீயவர்களின் பிள்ளைகளைக் கதைத் தலைவர்களாக்கி வரும் மாயாஜாலப் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டக் கூடாது என்று, ஒரு தாயார் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். கெட்டவர்கள் மீது இரக்கம் வரவழைத்து, நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவேயுள்ள எல்லையை இப்படங்கள் அழித்துவிடுகின்றன என்பது அவருடைய குற்றச்சாட்டு. பிள்ளை எதைப் பார்க்கிறது என்று கவனிக்கும் பெற்றோர் அருகிவரும் காலத்தில் அவர் கவலைப்படுவதையே நான் மதிக்கிறேன். ஆயினும், காலாண்டு விடுமுறைக்குக் கோவையிலிருந்து வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேத்தியோடு உட்கார்ந்து, அவர் குறிப்பிட்ட ‘டிசெண்டன்ட்ஸ்’ வரிசைப் படங்களை ஒன்று விடாமல் பார்த்தவன் என்ற முறையில், முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியராகப் பிழைத்தவன் என்ற முறையிலும், அவருக்கு ஒரு மறுமொழி எழுத விரும்புகிறேன். இப்படங்களில் குறை இருக்கிறது. ஆனால் அது அவர் சுட்டிய இடத்தில் இல்லை.

பார்த்திராத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் டிஸ்னி தொலைக்காட்சியில் வெளியானது முதல் படம். பழைய தேவதைக் கதைகளின் அரசர்களும் அரசிகளும் ஆராடன் என்ற நாட்டில் ஒன்றுகூடி வாழ்கிறார்கள். அக்கதைகளின் சூனியக்காரிகளையும் கொடியவர்களையும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிடித்து, ஒரு தீவில் தள்ளி, சுற்றிலும் மந்திர வேலி போட்டுவிட்டார்கள். அங்கே மந்திரமும் கிடையாது, வைஃபையும் கிடையாது. (இரண்டாவதுதான் பெரிய தண்டனை என்பது என் பேத்தியின் தீர்ப்பு.) தீவுக்குப் போனவர்களுக்கு அங்கே பிள்ளைகள் பிறந்து வளர்கிறார்கள். முடிசூட இருக்கும் இளவரசன் பென், தன் முதல் ஆணையாக, அப்பிள்ளைகளில் நால்வரைத் தன் பள்ளிக்கு அழைத்துவருகிறான்: சூனியக்காரி மலெஃபிசென்ட்டின் மகள் மால், பொல்லாத அரசியின் மகள் ஈவி, அலாவுதீன் கதையில் வரும் வஞ்சக மந்திரி ஜாஃபரின் மகன் ஜே, நாய்க்குட்டிகளின் தோலுக்கு ஆசைப்பட்ட க்ருயெல்லாவின் மகன் கார்லோஸ். தேவதையின் மந்திரக்கோலைத் திருடிவரும்படி பெற்றவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். பிள்ளைகள் திருடினார்களா, திருந்தினார்களா என்பதே கதை.

அந்தத் தாயார் பயப்படுகிற பாடம் இதில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். தீமை இங்கே எந்த இடத்திலும் அழகாகக் காட்டப்படவில்லை. ஆட்டமும் பாட்டும் பளபளப்பான தோலுடையும் உண்டு. அவை நம் ஊர்த் திருவிழா மேடைகளில் இல்லாததா என்ன? நான் உற்றுப் பார்த்தது வேறு இரண்டு காட்சிகளை.

ஒன்று வகுப்பறைக் காட்சி. நால்வருக்கும் நற்குணம் கற்பிக்கத் தனி வகுப்பு நடக்கிறது. ஓர் அழுகிற குழந்தையை உங்கள் கையில் கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்று ஆசிரியை கேட்கிறார். சாபம் கொடுப்பது, கோபுரத்தில் பூட்டிவைப்பது, பால் புட்டி கொடுப்பது, இதயத்தை அறுத்தெடுப்பது என்று நான்கு விடைகள் பலகையில் இருக்கின்றன. மால் சரியான விடையைச் சொல்லிவிடுகிறாள். எப்படித் தெரிந்தது என்று மற்றவர்கள் வியக்க, எது சுவாரசியமே இல்லாததோ அதுதான் சரியான விடை என்கிறாள். நான் சிரித்துவிட்டேன். நீதிபோதனை வகுப்பில் நான் பார்த்த அத்தனை பிள்ளைகளும் இதே உபாயத்தால்தான் தேறினார்கள். வழியில் கிடந்த பணப்பையை என்ன செய்வாய் என்று கேட்டால், ஐயாவுக்கு எந்த விடை பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பணப்பை கிடைத்தால் என்ன செய்வார்கள் என்பது எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. நற்குணம் பலகையில் எழுதிப் படிய வைக்கிற பாடமன்று என்பதை ஒரு குழந்தைப் படம் இத்தனை கூர்மையாகச் சொல்லியிருக்கிறது.

மற்றொன்று பிஸ்கட் செய்யும் காட்சி. இளவரசனை மயக்குவதற்காக நால்வரும் நள்ளிரவில் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் காதல் மயக்க மருந்துக்கு மனிதர் சிந்திய ஒரு துளிக் கண்ணீர் வேண்டும். அவர்களில் யாருக்கும் அழத் தெரியாது. அங்கே வரும், சீனக் கதையின் வீராங்கனை முலானின் மகள் லோனி, நீங்கள் வருத்தமாக இருக்கும்போது உங்கள் அம்மா சூடாக பிஸ்கட் சுட்டு, பாலோடு கொடுத்துச் சிரிக்க வைத்ததில்லையா என்று இயல்பாகக் கேட்கிறாள். நால்வரும் விழிக்கிறார்கள். எவ்வளவு கெட்டவர்களானாலும் தம் பிள்ளைகளிடம் பாசமாக இருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன் என்று சொல்லும்போதே அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. மால் அந்தத் துளியை விரலால் வழித்து மாவில் சேர்த்துவிடுகிறாள். இரக்கப்பட வைப்பது குற்றம் என்றால், இந்த ஒரு காட்சிக்காக இப்படத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். என் பேத்தி அந்த இடத்தில் தன் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

அந்தத் தாயார் தம் கடிதத்தை ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்ற பழமொழியோடு முடித்திருந்தார். என் தந்தையார் சென்னிமலையில் குழித்தறியில் போர்வை நெய்தவர். பள்ளிக்குப் போகுமுன், நாடாவில் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போன கை இது. ஆகவே இந்தப் பழமொழியின் இரண்டாம் பாதியைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு. நூல் நயமாக இல்லாவிட்டால் துணி நயமாக இராது என்பது உண்மைதான். ஆனால் ஒரே கட்டிலிருந்து பிரித்த கழி நூலை இரண்டு வீட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். சாயம் சரியாக ஏறியிருக்க வேண்டும். நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி பதமாகப் போட்டிருக்க வேண்டும். மழைக்காலமா வெயில்காலமா என்று பார்த்து இழுவை வைக்க வேண்டும். அறுந்த இழையை அந்த நிமிடமே முடிச்சிட வேண்டும். ஒரு வீட்டில் நெய்தது பத்து ஆண்டு உழைக்கும், மற்ற வீட்டில் நெய்தது இரண்டாம் சலவையில் கோணிக்கொள்ளும். நூலின் மேல் பழியைப் போடுகிறவரை எங்கள் தெருவில் நெசவாளி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

திருக்குறளையும் பலர் இந்த இடத்தில் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்’ என்பதில் எச்சம் என்ற சொல்லுக்குப் உரையாசிரியர் பரிமேலழகர் மக்கள், அதாவது பெற்ற பிள்ளைகள், என்றே பொருள் கொள்கிறார். அப்படியே வைத்துக்கொண்டாலும், அக்குறளில் தீர்ப்பு எந்தத் திசையில் போகிறது என்று பார்க்க வேண்டும். பிள்ளையைக் கொண்டு பெற்றவரை எடைபோடச் சொல்கிறாரே தவிர, பெற்றவரைக் கொண்டு பிள்ளையை எடைபோடச் சொல்லவில்லை வள்ளுவர். நாம் செய்வது பெரும்பாலும் பின்னது.

தீயவன் பெற்ற பிள்ளை என்பது நமக்குப் புதிய செய்தியும் அன்று. இரணியனுக்குப் பிரகலாதன் பிறந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாம். ஆனால் பிரகலாதனுக்கு நாரதரின் உபதேசம் தாயின் வயிற்றிலேயே கிடைத்துவிட்டது. அவன் தடுமாற வேண்டிய தேவையே இல்லை. மால் என்ற சிறுமி தடுமாறுகிறாள். அந்த வகையில் அவளுக்கு உறவு பிரகலாதனைவிடக் கம்பனின் இந்திரசித்தோடுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேள்வி குலைந்து திரும்பிவரும் இந்திரசித்து, சீதை மேலுள்ள ஆசையை விட்டுவிடு, அவர்கள் சினம் தீர்ந்து, செய்த தீமையையும் பொறுத்துத் திரும்பிப் போய்விடுவார்கள் என்று தந்தையிடம் சொல்கிறான். அஞ்சிச் சொல்கிறேன் என்று எண்ணாதே என்றும் சொல்கிறான். ‘காதலால் உரைத்தேன்’ என்கிறான். தந்தை கேட்கவில்லை. மகன் அந்தத் தந்தைக்காகவே போர்க்களத்துக்குத் திரும்பிப் போய் மடிகிறான். தகப்பன் செய்வது தவறு என்று தெரிந்த பிள்ளைக்கு வீட்டை விட்டு வெளியே வருவது எவ்வளவு கடினம் என்பதை இதைவிட எவரும் சொல்லிவிடவில்லை.

இப்படங்களில் நான் காணும் முதல் குறை இங்கேதான் இருக்கிறது. முடிசூட்டு விழாவில் மால் நான்கு வாக்கியம் பேசி, நான் நல்லவளாக இருக்கத் தீர்மானித்துவிட்டேன் என்கிறாள், நண்பர்களும் தலையாட்டுகிறார்கள், பறவை நாகமாக உருவெடுத்து வந்த தாய், தன் நெஞ்சில் இருக்கும் அன்பின் அளவுக்குச் சுருங்கி ஒரு பல்லி அளவாகிவிடுகிறாள். பார்க்கிற குழந்தைக்கு நிம்மதிதான். ஆனால் பெற்றவள் பல்லியாகிவிட்டால் அப்புறம் பிள்ளைக்கு என்ன சங்கடம்? உண்மையில் குடிகாரத் தகப்பனோ கந்துவட்டிக்காரத் தாயோ அப்படிச் சுருங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடுவதில்லை. மாலையில் வீட்டுக்குத் திரும்பிவருகிறார்கள். பிள்ளையைக் கடைக்குப் போய்வரச் சொல்கிறார்கள். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டும் பார்க்கிறார்கள்.

இருந்தாலும் பாதிக்கப்பட்டவர்களைப் படம் மறந்துவிடவில்லை என்பதை அந்தத் தாயாரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பெற்றோர் நாள் விழாவில், இளவரசி அரோராவின் தாயான லியா அரசி மால் நிற்பதைப் பார்த்ததும் திடுக்கிடுகிறார். மாலின் தாய் இட்ட சாபத்தால் தன் மகளைத் தேவதைகளிடம் கொடுத்து வளர்க்க வேண்டியதாயிற்று. குழந்தையின் முதல் சொல்லையும் முதல் அடியையும் தான் பார்க்கவே இல்லை என்று அந்த மூதாட்டி குமுறுகிறார். அவர் கெட்டவர் அல்லர். அவருடைய வலி நியாயமானது. ஆனால் எதிரில் நிற்பவள், அந்தச் சாபம் விழுந்தபோது பிறந்திராத பெண். கிணற்றுப் பங்கிலும் வரப்பிலும் தொடங்கிய தகராறு மூன்றாம் தலைமுறை வரைக்கும் ஓடுவதைப் பார்த்துப் பழகிய கொங்கு நாட்டுக்காரனுக்கு அந்தப் பாட்டியைத் தெரியாமல் இருக்க முடியாது. பாட்டன் மடையை மாற்றிவிட்டான் என்பதற்காகப் பேரன் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதாதவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். மூன்றாம் படத்தில், இதே பாட்டியின் ஏச்சைக் கேட்டுக்கேட்டு மனம் கசந்த அவருடைய சொந்தப் பேத்தியே மலெஃபிசென்ட்டின் செங்கோலைத் திருடிக் கொடுமை செய்யக் கிளம்புவதாகக் கதை போகிறது. நல்ல வீட்டுப் பெண்தான்.

ஆனால் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது என் பேத்தி முதல் படம் முடிந்ததும் கேட்ட கேள்விதான். “அப்புச்சி, தீவுல மிச்சம் இருக்கற பசங்க எல்லாம் என்ன ஆவாங்க?” என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. நால்வரை அழைத்துவந்ததற்காக இளவரசனின் பெருந்தன்மையைப் பாராட்டிக்கொண்டே படம் முடிந்துவிடுகிறது. குற்றம் எதுவும் செய்யாத குழந்தைகளை, பிறந்த ஒரே காரணத்துக்காக அந்த வேலிக்குள் வைத்தது யார் என்று முதல் படத்தில் எவரும் கேட்கவில்லை. 2017இல் வந்த இரண்டாம் படத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருத்தி வருகிறாள். கடல் சூனியக்காரியின் மகள், பெயர் உமா. (நம் ஊர்ப் பெயராக இருப்பதில் பேத்திக்குத் தனி மகிழ்ச்சி.) அந்த நால்வரில் என் பெயர் ஏன் இல்லை என்பதுதான் அவளுடைய கோபம் முழுவதும். 2019இல் வந்த மூன்றாம் படத்தின் தொடக்கத்திலோ, பெரிய விழாவெடுத்துத் தீவிலிருந்து மறுபடியும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். மறுபடியும் நான்கு பேர்தான். அதே படத்தில், ஒரு கொடியவன் தப்பிவர முயன்றான் என்பதற்காக வேலியை நிரந்தரமாக மூடிவிடலாம் என்று யோசனை சொல்பவள், தீவிலிருந்து வந்த மாலேதான். இறுதியில் வேலி நீங்குகிறது என்றாலும், உள்ளே வந்தவர் தமக்குப் பின்னால் கதவைச் சாத்த நினைப்பதைக் காட்டிய அந்த இடத்துக்காக இப்படத்தின் எழுத்தாளர்களுக்கு நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

வேலியைக் கற்பனை என்று தள்ளிவிடவும் நமக்கு உரிமை இல்லை. 1871ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911இல் நம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியைக் கொண்டே மனிதரைக் குற்றவாளியாகப் பதிந்துவைத்த அச்சட்டம் 1947இல்தான் இங்கே நீங்கியது. பிள்ளை திருடினானா என்று பார்க்காமலேயே, திருடுவான் என்று எழுதிவைத்த சட்டம் அது. ஆராடனின் வேலியும் அதைத்தான் செய்கிறது. இதற்கு நேர்மாறாக, உச்ச நீதிமன்றம் 2006இல் வழங்கிய ஒரு தீர்ப்பு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். தாயோடு சிறையில் வாழும் சிறு குழந்தையைக் கைதியாக நடத்தக் கூடாது; சிறையில் பிறக்க நேர்ந்த குழந்தையின் பிறப்புப் பதிவில் பிறந்த இடம் சிறை என்று எழுதக் கூடாது, அந்தப் பகுதியின் முகவரியை மட்டுமே எழுத வேண்டும் என்கிறது அது. ஒரு பிள்ளைக்காக, ஒரு காகிதத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதாமல் விடுவது. இளவரசன் பென்னின் ஆணையைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

இவ்வளவும் எழுதுகிற நான் யோக்கியன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1990களின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வசூலித்த தேர்வுக் கட்டணம் 340 ரூபாய் ஒரு நாள் மேசையில் காணாமற் போயிற்று. அந்த வகுப்பில் ஒரு பையனின் தகப்பன் ஆடு திருடிய வழக்கில் உள்ளே இருந்தது ஊருக்கெல்லாம் தெரியும். நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. எல்லார் பையையும் பார்க்கப் போகிறேன் என்றுதான் அறிவித்தேன். ஆனால் முதலில் அவன் பெயரைக் கூப்பிட்டேன். மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தான். இரண்டு நோட்டுகள், மூடி இல்லாத ஜாமிட்ரி பாக்ஸ், காகிதத்தில் மடித்த பொட்டுக்கடலையும் நாட்டுச் சர்க்கரையும். காகிதம் பிரிந்து சர்க்கரை மேசை மேல் சிந்தியது. அதை அவன் விரலால் கூட்டி மறுபடியும் காகிதத்துக்குள் எடுத்துக்கொண்டான். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த பையனைக் கூப்பிடுவதற்குள் மணி அடித்துவிட்டது. பணம் அன்று மாலையே, பீரோவில் நான் வைத்திருந்த விடைத்தாள் கட்டுக்கு நடுவே கிடைத்தது.

மறுநாளிலிருந்து அவன் பை கொண்டுவரவில்லை. புத்தகங்களைக் கழிவு நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, எல்லாரும் பார்க்கும்படி கையில் தூக்கிக்கொண்டு வந்தான். ஆண்டு முடியும் வரை அப்படித்தான் வந்தான்.

ஆகவே, படத்தைப் பூட்டிவைக்கச் சொல்லும் அந்தத் தாயாரிடம் நான் கேட்டுக்கொள்வது, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்பதுதான். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிட்டு, மாணவர்களைப் பேசவும் எழுதவும் வைக்கிறார்கள். இதைப் போன்ற கதை திரைக்கு வரும்போது, மால் ஏன் நல்லவளானாள் என்ற கேள்வியை ஆசிரியர்கள் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். அதற்கு எந்த விடை எங்களுக்குப் பிடிக்கும் என்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். பையை முதலில் திறக்கச் சொல்லப்படுபவன் யார், ஏன் என்று கேட்கலாம். லியா பாட்டியின் பக்கத்திலிருந்து ஒரு பக்கமும், உமாவின் பக்கத்திலிருந்து ஒரு பக்கமும் எழுதச் சொல்லலாம்.

இந்தப் பையனின் கதையைப் பேத்தியிடம் சொன்னேன். பணம் கிடைத்த இடம் வரைக்கும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், “அப்பறம் அவங்ககிட்ட சாரி கேட்டீங்களா, அப்புச்சி?” என்றாள்.

“இல்லீங்க கண்ணு” என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.